கோவிலும் கோயிலும்: கட்டளைச் சாளரத்தில் சொற்களைத் தேடி மாற்றுவது எப்படி?

ஒரு நாவலை மின்னூலாக்கும் வேலை என்னிடம் வந்தது. முப்பத்தெட்டு அத்தியாயங்கள், முப்பத்தெட்டுக் கோப்புகள். பெரும்பாலும் 'கோவில்' என்றும் இடையிடையே 'கோயில்' என்றும் இருந்தது. பதிப்பகத்தின் விதி 'கோயில்'. ஒரே கட்டளை கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் முப்பத்தெட்டுக் கோப்புகளும் மாறின. பெருமையோடு அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் நூலாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் பிறந்தது கோவில்பட்டி. நீங்கள் போட்டிருக்கிற கோயில்பட்டி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?"

அது போதாதென்று, 'கோவிலுக்கு', 'கோவிலில்' எல்லாம் அப்படியே இருந்தன. மாற்றக்கூடாததை மாற்றியிருந்தேன், மாற்ற வேண்டியதில் பாதிக்குமேல் விட்டிருந்தேன். கட்டளையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. மாற்றுவதற்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த வழிகாட்டியில் மாற்றுவதைவிடத் தேடுவதைப் பற்றி அதிகம் இருப்பதற்கு அந்தத் தொலைபேசி அழைப்பே காரணம்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு

மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் சிலருக்கு இதைத் தொலைபேசியில்தான் சொல்லிக் கொடுத்தேன். அதே பழக்கத்தில், கட்டளைகளையும் வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன். கணினி அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் ஏற்கும். எனவே தேடும் கருவியான 'கிரெப்' என்றால் ஜி, ஆர், இ, பி என்று நான்கு எழுத்துகளை அடியுங்கள். மாற்றும் கருவியான 'செட்' என்றால் எஸ், இ, டி. கோட்டுக்குறிக்குப் பின்னால் '-என்', '-ஓ' என்று வந்தால் அது அந்த ஒற்றை ஆங்கில எழுத்து. எல்லாமே சிறிய எழுத்துகள். புள்ளி, சாய்கோடு, மேற்கோள்குறி, இடைவெளி ஆகியவற்றை இங்கே உள்ளபடியே அடிக்க வேண்டும். தேட வேண்டிய சொல்லும் கோப்பின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம்.

லினக்ஸிலும் மேக்கிலும் இந்தக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. விண்டோஸ் வைத்திருப்பவர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூ.எஸ்.எல். வழியாக உபுண்டு என்ற லினக்ஸை நிறுவிக்கொண்டால் போதும்.

கோப்புகள் வெறும் உரைக் கோப்புகளாக, யூனிகோடில் இருக்க வேண்டும். வேர்டு கோப்பு உள்ளுக்குள் ஒரு சுருக்கப்பட்ட பொட்டலம். கிரெப்புக்கு அதனுள்ளே எதுவும் தெரியாது. வேர்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ திறந்து, வெற்று உரையாக யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் இங்கே எதுவும் நடக்காது.

முதல் வேலை, நகல்

டெர்மினலை, அதாவது கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'நாவல்' என்ற கோப்புறை இருக்கும் இடத்துக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 'அத்தியாயம்-01' தொடங்கி 'அத்தியாயம்-38' வரை கோப்புகள். முதலில்:

சிபி -ஆர் நாவல் நாவல்-நகல்
சிடி நாவல்

சிபி என்பது சி, பி, நகலெடுக்கும் கட்டளை. '-ஆர்' சேர்த்தால் கோப்புறையை உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நகலெடுக்கும். சிடி, அதாவது சி, டி, கோப்புறைக்குள் நுழைவதற்கு. செட் செய்யும் மாற்றத்துக்கு 'மீட்டமை' பொத்தான் கிடையாது. இந்த முதல் வரியைச் சோம்பலில் விட்டவர்கள் ஒருமுறையாவது அழுதிருப்பார்கள்.

அடுத்து, உங்கள் டெர்மினல் தமிழை எழுத்தாகப் பார்க்கிறதா, எண்களின் குவியலாகப் பார்க்கிறதா என்று ஒரு சிறு சோதனை:

எக்கோ 'கோ' | கிரெப் '^..$'

எக்கோ என்பது இ, சி, ஹெச், ஓ. நடுவில் உள்ள குத்துக்கோடு, இடப்பக்கக் கட்டளை தருவதை வலப்பக்கக் கட்டளைக்குக் கைமாற்றுகிறது. '^' வரியின் தொடக்கம், '$' வரியின் முடிவு, ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஓர் எழுத்து. ஆக, சரியாக இரண்டு எழுத்து உள்ள வரியைக் கேட்கிறோம். திரையில் 'கோ' திரும்ப வந்தால் எல்லாம் சரி. ஒன்றும் வராவிட்டால் டெர்மினல் அமைப்புகளில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நமக்கு 'கோ' ஓர் எழுத்துதானே, இரண்டு புள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். கோவிலில் நான் தடுக்கி விழுந்த இடமே அதுதான். கொஞ்சம் பொறுங்கள்; முதலில் எளிய சொல் ஒன்றில் கைபழகுவோம்.

சில்லரையிலிருந்து சில்லறைக்கு

'சில்லறை' என்பதற்குச் சிலர் இடையின ரகரம் போட்டுவிடுகிறார்கள். எங்கெங்கே என்று பார்க்க:

கிரெப் -என் 'சில்லரை' அத்தியாயம்-*

கடைசியில் இருக்கும் உடுக்குறி 'அத்தியாயம்-' என்று தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் குறிக்கும். '-என்' வரி எண்ணைக் காட்டும். கோப்பின் பெயர், வரி எண், அந்த வரி என்று ஒவ்வொன்றாக வந்து விழும். தேடும் சொல்லை ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைப்பதை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதில் உள்ள இடைவெளிக்கும் உடுக்குறிக்கும் டெர்மினல் தன் போக்கில் பொருள் கற்பித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ கட்டளையை நகலெடுத்து ஒட்டினால், நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறியிருக்கக்கூடும். அது வேலை செய்யாது. கையால் அடிப்பதே நல்லது.

பல டெர்மினல்களில் தமிழ் அலங்கோலமாகத் தெரியும். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தள்ளி நிற்கும். பதற வேண்டாம், கோப்பில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. கண் வலித்தால் வெளியீட்டை ஒரு கோப்பில் கொட்டி, வழக்கமான உரைத் திருத்தியில் திறந்து படியுங்கள்:

கிரெப் -என் 'சில்லரை' அத்தியாயம்-* > ../பட்டியல்

இரண்டு புள்ளியும் சாய்கோடும் 'ஒரு படி வெளியே' என்று பொருள்படும். பட்டியல், நாவல் கோப்புறைக்கு வெளியே போய் உட்காரும்.

இனி மாற்றுவது. நேரடியாகக் கோப்பில் கைவைக்காமல் ஒத்திகை பார்க்கலாம்:

செட் -என் 'எஸ்/சில்லரை/சில்லறை/ஜிபி' அத்தியாயம்-*

மேற்கோள்குறிக்குள் இருப்பதைத் துண்டு துண்டாகப் படியுங்கள். 'எஸ்' என்ற எழுத்து 'மாற்று' என்கிறது. முதல் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் பழையது, அடுத்த சாய்கோடு வரை புதியது. கடைசியில் 'ஜி', 'பி' என்று இரண்டு எழுத்துகள். 'ஜி' இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நாவலில் ஒரு பத்தி முழுவதும் கணினிக்கு ஒரே வரி என்பதால், அந்த 'ஜி'யை மறந்தால் நிறைய விடுபடும். 'பி' மாறிய வரியைக் காட்டச் சொல்கிறது. வெளியே உள்ள '-என்' மற்ற வரிகளைக் காட்டாதே என்கிறது. கிரெப்பில் '-என்' வரி எண் என்றோமே, இங்கே வேறு பொருளா என்றால், ஆமாம். இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி எழுத்துகளைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

ஒத்திகை சரியாக இருந்தால்:

செட் -ஐ 'எஸ்/சில்லரை/சில்லறை/ஜி' அத்தியாயம்-*

'-ஐ' என்ற எழுத்து, மாற்றத்தைக் கோப்பிலேயே எழுதச் சொல்கிறது. மேக் கணினியில் '-ஐ'க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, உள்ளே ஒன்றும் இல்லாத இரண்டு ஒற்றை மேற்கோள்குறிகளைச் சேர்க்க வேண்டும்:

செட் -ஐ '' 'எஸ்/சில்லரை/சில்லறை/ஜி' அத்தியாயம்-*

'-ஐ' போடாமல், படிக்கும் கோப்பையே வெளியீட்டுக் கோப்பாகவும் கொடுக்கும் யோசனை பலருக்கு வரும். அதாவது கடைசியில் '> அத்தியாயம்-01' என்று போடுவது. செய்யாதீர்கள். செட் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே டெர்மினல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். முதல் அத்தியாயம் வெற்றுத்தாளாகத்தான் திரும்பக் கிடைக்கும்.

இடையில் ஒரு கதை. இவையெல்லாம் நிரல் எழுதுகிறவர்களுக்கான கருவிகள், நமக்கு எதற்கு என்று மெய்ப்புத் திருத்துபவர்கள் ஒதுங்குவதுண்டு. உண்மை வேறு. பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் என்பவர், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787-88-இல் புனைபெயரில் வெளியான 85 கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று சொற்களை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார். அன்றைய 'எட்' என்ற திருத்தியில் அவ்வளவு பெரிய உரை கொள்ளவில்லை. அதனால் கென் தாம்ப்சன் அந்தத் திருத்தியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனிக் கருவியாக்கினார். அதுதான் கிரெப், 1973. எட் திருத்தியில் 'ஜி', இரு சாய்கோடுகளுக்கு நடுவே தேட வேண்டிய வடிவம், கடைசியில் 'பி' என்று அடித்தால் பொருந்தும் வரிகளையெல்லாம் காட்டும். பெயர் அங்கிருந்து வந்தது. மக்மஹோன் தாமே அடுத்து எழுதியதுதான் செட். ஆக, இரண்டுமே ஒரு நூலாராய்ச்சி வேலையை ஒட்டிப் பிறந்தவை. நாம் உரிமையோடு பயன்படுத்தலாம்.

கோவில் ஏன் கோவிலுக்குள் இல்லை

நமக்கு 'கோவில்' மூன்று எழுத்து: கோ, வி, ல். யூனிகோடு அதை ஆறு துண்டுகளாக வைத்திருக்கிறது: க, ஓகாரக்குறி, வ, இகரக்குறி, ல, புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியும் ஒரு தனித் துண்டு. சோதனையில் 'கோ'வுக்கு இரண்டு புள்ளி கேட்டது இதனால்தான்.

இப்போது 'கோவிலுக்கு' என்பதைப் பாருங்கள். க, ஓகாரம், வ, இகரம், ல, அதன்பின் உகரக்குறி. ல் என்ற மெய் உகரத்தோடு சேர்ந்து 'லு' ஆனபோது புள்ளி போய்விட்டது. புள்ளியோடு 'கோவில்' என்று தேடினால் 'கோவிலுக்கு' எப்படி அகப்படும்? பள்ளிக்கூடத்தில் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று படித்ததைக் கணினி எழுத்துக்கு எழுத்து அப்படியே கடைப்பிடிக்கிறது. கூட்டல் நடந்துவிட்ட சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை.

தீர்வு எளிது. புள்ளியை விட்டுவிட்டு 'கோவில' என்று அகரத்தோடு தேடுங்கள். 'கோவில்', 'கோவிலை', 'கோவிலுக்கு' எல்லாவற்றுக்கும் அதுவே பொது முன்பகுதி. தமிழில் மெய்யில் முடியும் பெயர்ச்சொல் எதைத் தேடினாலும் கடைசிப் புள்ளியைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

அடுத்ததுதான் அன்று நான் செய்யாமல் விட்டது. அந்த முன்பகுதி எந்தெந்த முழுச்சொற்களில் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை முறை?

கிரெப் -ஓ -ஹெச் '[^ ]*கோவில[^ ]*' அத்தியாயம்-* | சார்ட் | யுனிக் -சி | சார்ட் -ஆர் -என்

சார்ட் என்பது எஸ், ஓ, ஆர், டி, வரிசைப்படுத்தும். யுனிக் என்பது யு, என், ஐ, கியூ. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும், '-சி' சேர்த்தால் எண்ணிக்கையும் சொல்லும். கிரெப்பின் '-ஓ' பொருந்திய பகுதியை மட்டும் எடுக்கும், '-ஹெச்' கோப்பின் பெயரை மறைக்கும். சதுர அடைப்புக்குள் '^' போட்டு ஓர் இடைவெளி விட்டிருப்பது 'இடைவெளி அல்லாத எதுவும்' என்று பொருள்படும். பின்னால் வரும் உடுக்குறி 'எத்தனை வேண்டுமானாலும்'. ஆக, நம் சொல்லைச் சுற்றி இடைவெளி வரும்வரை இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வா என்கிறோம். அந்த நாவலில் வந்த பட்டியல் இது:

61 கோவில்
38 கோவிலுக்கு
29 கோவிலில்
17 கோவிலை
11 கோவிலின்
7 கோவில்பட்டி
6 கோவில்,
4 நாகர்கோவிலில்
3 கோவில்பட்டியில்
2 சங்கரன்கோவில்
1 கோவிலா?

இந்தப் பதினோரு வரிகளைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. படித்திருந்தால் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் முகத்தில் அறைந்தாற்போலத் தெரிந்திருக்கும். நாகர்கோவில் அன்று தப்பித்தது என் திறமையால் அல்ல. நான்கு இடத்திலும் 'நாகர்கோவிலில்' என்று வேற்றுமை உருபோடு இருந்ததால்.

பட்டியலில் இல்லாததையும் யோசிக்க வேண்டும். லகர மெய் வல்லினத்தின் முன் றகரமாகத் திரியும். பழைய நடையில் எழுதும் அந்த ஆசிரியர் 'கோவிற்கதவு' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். 'கோவில' என்ற வலையில் அது விழாது. சதுர அடைப்பு இங்கே கைகொடுக்கும்:

கிரெப் -ஓ -ஹெச் 'கோவி[லற]' அத்தியாயம்-* | டபிள்யூசி -எல்

'[லற]' என்றால் ல அல்லது ற. டபிள்யூசி என்பது டபிள்யூ, சி. '-எல்' சேர்த்தால் வரிகளை எண்ணும். பட்டியலில் 179, கோவிற்கதவு இரண்டு, மொத்தம் 181 என்று வந்தது. அதில் ஊர்ப்பெயர்கள் 16. மாற்ற வேண்டியவை 165. அன்று நான் மாற்றியது அந்த 165-இல் 67 மட்டுமே. கூடவே 12 ஊர்ப்பெயர்களையும் கெடுத்திருந்தேன்.

இன்னும் சுருக்கி 'கோவி' என்றே மாற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கோவிந்தன் கோயிந்தன் ஆகிவிடுவார். பேச்சில் அவர் அப்படித்தான் என்றாலும் அச்சில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, மாற்றலாம். ல வந்தால் ல, ற வந்தால் ற, எது இருந்ததோ அதை அப்படியே திரும்ப வைக்க வேண்டும். அதற்கு அந்த இடத்தைப் பின்சாய்கோடு சேர்ந்த வளைவு அடைப்புக்குள் வைத்து, புதிய பகுதியில் '\1' என்று கூப்பிடுகிறோம்:

செட் -ஐ 'எஸ்/கோவி\([லற]\)/கோயி\1/ஜி' அத்தியாயம்-*

ஊர்களும் மாறிவிட்டன. அடுத்த மூச்சில் அவற்றைத் திருப்பிவிடுங்கள்:

செட் -ஐ 'எஸ்/கோயில்பட்டி/கோவில்பட்டி/ஜி' அத்தியாயம்-*
செட் -ஐ 'எஸ்/நாகர்கோயில/நாகர்கோவில/ஜி' அத்தியாயம்-*
செட் -ஐ 'எஸ்/சங்கரன்கோயில/சங்கரன்கோவில/ஜி' அத்தியாயம்-*

மாற்றாமலே காப்பாற்றும் வழிகள் உண்டு. எனக்கு இந்தப் 'போய்த் திரும்புவது' பிடித்திருக்கிறது. படித்தால் புரிகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் புரிகிறது.

முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். 'கோவி[லற]' இப்போது 16 என்று வர வேண்டும். 'கோயி[லற]' முன்பே 23 இடத்தில் இருந்தது. இப்போது 165 சேர்ந்து 188 வர வேண்டும். கணக்கு உதைத்தால் எங்கோ ஏதோ நழுவியிருக்கிறது. கணக்குப் பொருந்தும்வரை அந்தக் கோப்புகளை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கிரெப்பில் '-டபிள்யூ' என்று போட்டால் முழுச்சொல்லாக மட்டும் தேடும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் பார்ப்பீர்கள். ஆங்கிலத்துக்கு அது அருமை. தமிழில் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாக எல்லாக் கணினியும் எண்ணுவதில்லை. அதை நம்பி மாற்றம் செய்யாதீர்கள்.

புள்ளி செய்யும் குறும்பு

தேடும் வடிவத்தில் முற்றுப்புள்ளி 'ஏதாவது ஓர் எழுத்து' என்றோம். சுருக்கப் பெயர்களில் இது வேடிக்கை காட்டும். 'தி.க' என்பதை 'திராவிடர் கழகம்' என்று விரிக்க நினைத்தால்:

செட் 'எஸ்/தி.க/திராவிடர் கழகம்/ஜி' அத்தியாயம்-12

அந்த அத்தியாயத்தில் 'அவர் அமைதி காத்தார்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். தி, இடைவெளி, க. இடைவெளியும் ஓர் எழுத்துதானே? 'அவர் அமைதிராவிடர் கழகம்ாத்தார்' என்று வந்து நிற்கும். நல்ல வேளையாக '-ஐ' போடவில்லை.

புள்ளியைப் புள்ளியாகவே பார்க்க வைக்க, அதன் முன்னால் ஒரு பின்சாய்கோடு:

செட் 'எஸ்/தி\.க/திராவிடர் கழகம்/ஜி' அத்தியாயம்-12

உடுக்குறி, '^', '$', சதுர அடைப்பின் தொடக்கம், பின்சாய்கோடு ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம். புதிய பகுதியில் '&' வந்தால் அதற்கும் வேண்டும்; அது 'பொருந்தியதை இங்கே மறுபடி எழுது' என்று பொருள்படும் குறி. தேதிபோலச் சாய்கோடு உள்ளதை மாற்றும்போது பிரிப்பதற்குச் சாய்கோட்டுக்குப் பதில் குத்துக்கோட்டை வைத்துக்கொள்ளலாம்: 'எஸ்|15/8/1947|15-8-1947|' என்பதுபோல.

ஒரே மாதிரி தெரியும், ஒன்றல்ல

கண்ணெதிரே 'கோயில்' இருக்கிறது, கிரெப் இல்லை என்கிறது. பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையிலும் எழுத்துரு மாற்றிகள் தந்த உரையிலும் இது நடக்கும். காரணம், ஓகாரக்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக வைக்கலாம். முன்னால் வரும் இரட்டைச்சுழிக் கொம்பும் பின்னால் வரும் காலும் என இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சதுர அடைப்பு இரண்டையும் பிரித்துக் காட்டும்:

கிரெப் -சி '[ே][ா]' அத்தியாயம்-*

கிரெப்பில் '-சி' ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை வரிகள் பொருந்தின என்று சொல்லும். எல்லாம் பூஜ்யம் என்றால் நிம்மதி. இல்லையென்றால் மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் இதை முடியுங்கள்:

செட் -ஐ 'எஸ்/[ே][ா]/ோ/ஜி' அத்தியாயம்-*
செட் -ஐ 'எஸ்/[ெ][ா]/ொ/ஜி' அத்தியாயம்-*

இதே கையோடு ஔகாரத்தையும் சரிசெய்துவிடலாம் என்று கை பரபரக்கும். 'கௌரவம்' என்பதை ஒற்றைக் கொம்பு, க, பிறகு ளகரம் என்று அடித்து 'கெளரவம்' ஆக்கியவர்கள் ஏராளம். கூர்ந்து பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 'கொம்பும் ளகரமும் சேர்ந்தால் ஔகாரம்' என்று பொதுவாக மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளி' என்று நியாயமாக ளகரம் வரும் சொற்கள் அத்தனையும் நாசமாகும். தெளிவு என்ற சொல்லே தெளிவில்லாமல் போகும். இதில் குறுக்கு வழி இல்லை; சொல் சொல்லாகத்தான் போக வேண்டும்:

செட் -ஐ 'எஸ்/கெளரவ/கௌரவ/ஜி' அத்தியாயம்-*
செட் -ஐ 'எஸ்/மெளன/மௌன/ஜி' அத்தியாயம்-*
செட் -ஐ 'எஸ்/பெளர்ணமி/பௌர்ணமி/ஜி' அத்தியாயம்-*

எந்தச் சொற்கள் என்று தெரியாவிட்டால், கோவிலுக்குச் செய்ததுபோலவே '[^ ]*[ெ]ள[^ ]*' என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். நீளமாக வரும், பெரும்பாலானவை வெள்ளியும் பெண்பிள்ளைகளின் வெள்ளைத் தாவணியுமாக நல்ல சொற்களாகவே இருக்கும். குற்றவாளிகள் நடுவில் ஒளிந்திருப்பார்கள்.

திருத்தங்களை ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது

ஒரே பதிப்பகத்துக்கு வேலை செய்தால் இந்தத் திருத்தங்கள் நூலுக்கு நூல் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 'திருத்தங்கள்' என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்து, மேற்கோள்குறி இல்லாமல் வரிக்கு ஒன்றாக எழுதி, நாவல் கோப்புறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்:

# துணுக்குகள் முதலில்
எஸ்/[ே][ா]/ோ/ஜி
எஸ்/[ெ][ா]/ொ/ஜி
# எழுத்துப்பிழை
எஸ்/சில்லரை/சில்லறை/ஜி
எஸ்/கெளரவ/கௌரவ/ஜி
# கோயில், பிறகு ஊர்கள்
எஸ்/கோவி\([லற]\)/கோயி\1/ஜி
எஸ்/கோயில்பட்டி/கோவில்பட்டி/ஜி
எஸ்/நாகர்கோயில/நாகர்கோவில/ஜி
எஸ்/சங்கரன்கோயில/சங்கரன்கோவில/ஜி

'#' என்று தொடங்கும் வரிகள் உங்களுக்கான குறிப்பு. செட் அவற்றைக் கண்டுகொள்ளாது. மற்ற வரிகளை மேலிருந்து கீழே வரிசையாகச் செய்யும். ஊர்களின் வரிகளைக் கோயிலுக்கு மேலே வைத்தால் பயனில்லை. அப்புறம் ஒரே கட்டளை:

செட் -ஐ -எஃப் ../திருத்தங்கள் அத்தியாயம்-*

மேக்கில் இங்கேயும் '-ஐ'க்குப் பிறகு அந்த வெறும் மேற்கோள்குறிகள். 

புதிய நூல் வந்தவுடன் இந்தக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடாது. அடுத்த நூலில் காட்டுமன்னார்கோவில் வரலாம். கல்வெட்டிலிருந்தோ வேறொரு நூலிலிருந்தோ எடுத்த மேற்கோளில் 'கோவில்' என்று இருந்தால் அது அப்படியேதான் இருக்க வேண்டும். பட்டியல் எடுத்து, புதிதாக ஏதாவது தென்பட்டால் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அப்புறம் ஓட்டுங்கள். இப்போதெல்லாம் எண்ணிக்கையோடு கூடிய அந்தப் பட்டியலை நூலாசிரியருக்கே அனுப்பிவிடுகிறேன். கோவில்பட்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, 'கோவிற்கதவு' இரண்டு அல்ல, மூன்று எழுதியதாக ஞாபகம் என்றார். தேடினால், மூன்றாவது 'கோவிற்' என்று ஒரு வரியின் கடைசியிலும் 'கதவு' அடுத்த வரியின் தொடக்கத்திலுமாக வேறொரு கதையில் இருந்தது.

கடைசியாக, வெளியே வந்து நகலோடு ஒப்பிடுங்கள்:

சிடி ..
டிஃப் -ஆர் நாவல்-நகல் நாவல் > மாற்றங்கள்

டிஃப் என்பது டி, ஐ, எஃப், எஃப். 'மாற்றங்கள்' கோப்பைத் திறந்தால் '<' குறியோடு பழைய வரியும் '>' குறியோடு புதிய வரியும் மாறி மாறி இருக்கும். முழுப் பத்தியாக வருவதால் படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு தேநீரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். நகல் கோப்புறையை உடனே அழித்துவிடாதீர்கள். பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, நூல் வெளியாகி நூலாசிரியர் ஒருமுறை முழுவதும் படித்து முடித்த பிறகு அழியுங்கள்.